பேக்ஹோவில் அதே ஹோஸ் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வெடிப்பது ஏன்?

நீங்கள் கேட்டது இதுதான்: கோத்தகிரி பக்கம் ஓடும் பேக்ஹோவில் (மண் தோண்டும் இயந்திரம்), ஆர்ம் சிலிண்டருக்குப் போகும் அரை இன்ச் டபுள் வயர் ஹோஸ் (ரப்பருக்குள் இரண்டு அடுக்குக் கம்பி உள்ளது) மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் பூம் பின்னுக்கு (பூமின் மூட்டைப் பிடிக்கும் தடித்த ஆணி) அருகில், ஃபிட்டிங்கை ஒட்டிய இடம். ஃபோர் வயர் ஹோஸ் போட்டால் தீருமா? நட்டில் டெஃப்லான் டேப் சுற்றியும் ஏன் கசிகிறது? எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை எல்லா ஹோஸையும் மாற்ற வேண்டும்?

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். ஃபோர் வயர் போடாதீர்கள், நிலைமை இன்னும் மோசமாகும். அரை இன்ச் டபுள் வயர் ஹோஸுக்கு (மேலே 2எஸ்என் அல்லது ஆர்2 என்று அச்சிட்டிருக்கும்) வேலை அழுத்தம் 275 பார், குறைந்தபட்ச வளைவு ஆரம் 180 மில்லிமீட்டர். அதே அரை இன்ச் ஃபோர் வயருக்கு, அதாவது 4எஸ்பி ரகத்துக்கு, அழுத்தம் 415 பார் தாங்கும். ஆனால் வளைவு ஆரம் 230 மில்லிமீட்டராகிவிடும். மடங்கி விரியும் மூட்டில் விறைப்பான ஹோஸைக் கொண்டுபோய் வைத்தால் அது ஃபிட்டிங்கின் வாயில்தான் போய் மடங்கும். உங்கள் ஹோஸ் அழுத்தம் தாங்காமல் வெடித்திருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெடித்திருக்கும். ஒரே இடத்தில் வெடிப்பதால் கோளாறு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே தேவைப்படுவது 2எஸ்சி என்ற கச்சிதமான டபுள் வயர். அழுத்தம் அதே 275 பார், வளைவு ஆரமோ 130 மில்லிமீட்டர்தான். கடையில் வெறுமனே "அரை இன்ச் டபுள் வயர்" என்று கேட்டால் எது கையில் இருக்கிறதோ அதைத்தான் வெட்டித் தருவார்கள். ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஹோஸின் மேல் எழுத்தையும் படித்துப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வெடித்த ஹோஸைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். வெடித்த இடத்தில் மேல் ரப்பரைச் சீவிக் கம்பியைப் பாருங்கள், பிறகு நீளவாக்கில் அறுத்து உள் டியூபைப் பாருங்கள். கம்பிகள் ஒரே இடத்தில் பளிச்சென்று அறுந்திருந்தால் அழுத்தம் எகிறியிருக்கிறது. யாராவது "பவர் வரட்டும்" என்று, அழுத்தம் வரம்பு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை ஏற்றி வைத்திருக்கலாம். கேஜ் மாட்டிப் பார்க்காமல் அதைத் தொடக்கூடாது. கம்பிகள் துண்டு துண்டாக, பல இடங்களில் ஒடிந்திருந்தால் ஓயாமல் மடங்கியதால் வந்த களைப்பு. கம்பி துருப்பிடித்திருந்தால் மேல் ரப்பர் முன்பே தேய்ந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. உள் டியூப் கல் மாதிரி இறுகி, வளைத்தால் வெடிப்பு விட்டால் ஆயில் சூடு அதிகம். டியூப் ஊறி மெத்தென்று இருந்தால் அந்த ஆயில் அந்த ரப்பருக்கு ஆகவில்லை. ஹோஸ் முழுசாக இருந்து ஃபிட்டிங்கிலிருந்து மட்டும் கழன்று வந்திருந்தால் குற்றம் ஃபிட்டிங்கை ஹோஸோடு நசுக்கிப் பிரஸ் செய்தவரிடம். உங்கள் வர்ணனைப்படி கம்பி ஒடிந்து களைத்த ரகம்தான் என்று நினைக்கிறேன், ஆனால் அறுத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

அப்படியானால் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்க வேண்டும்: முறுக்கு, நீளக்குறைவு.

முறுக்குதான் யாரும் கவனிக்காத எமன். ஹோஸுக்குள் கம்பிப் பின்னல் ஏறக்குறைய 54 டிகிரி கோணத்தில் ஓடுகிறது. அந்தக் கோணத்தில் இருக்கும்வரை உள்ளழுத்தம் ஹோஸை நீட்டவும் செய்யாது, பெரிதாகச் சுருக்கவும் செய்யாது. ஹோஸை முறுக்கிவிட்டால் ஒரு பக்கத்துக் கம்பிகள் இறுகி மறுபக்கத்துக் கம்பிகள் தளர்ந்துபோகும், பாரம் முழுக்க பாதிக் கம்பிகள் தலையில் விழும். ஹோஸ் தயாரிப்பாளர்களின் கையேடுகளில் வழக்கமாகக் காணும் கணக்கு: 7 டிகிரி முறுக்கினாலே ஆயுள் 90 சதவீதம் வரை போய்விடும். கடிகாரத்தில் நிமிஷ முள் ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலாக நகர்வதுதான் 7 டிகிரி. நட்டை இறுக்கும்போது ஹோஸும் கூடவே கொஞ்சம் சுற்றினால் அவ்வளவு வந்துவிடும். போதாததற்கு, அழுத்தம் ஏறும்போது முறுக்கிய ஹோஸ் தன்னை நேராக்கப் பார்க்கும். அந்த இழுப்பில் நட்டு தானாகத் தளரும். மூட்டில் கசிவு ஓயாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹோஸின் முதுகில் நீளவாக்கில் அச்சிட்ட கோடும் எழுத்தும் இருக்கிறதே, அது கம்பெனி விளம்பரத்துக்கு மட்டும் இல்லை. மாட்டி முடித்தபின் அந்தக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே பக்கமாக ஓட வேண்டும். கொடி மாதிரி சுற்றிக்கொண்டு போனால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். கோடு அழிந்த ஹோஸாக இருந்தால் மாட்டும் முன் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கு மாட்டும்போது மட்டும் வருவதில்லை, ஓட்டத்திலும் வரும். ஆர்ம் மேலும் கீழும் அசைகிறது என்றால் ஹோஸின் வளைவும் அதே தளத்தில் இருக்க வேண்டும். ஹோஸ் பக்கவாட்டில் வளைந்து போய் மேலும் கீழும் அசைந்தால் ஒவ்வொரு அசைவிலும் முறுக்கிக்கொள்ளும். வழி இரண்டு தளத்தில் போயே ஆக வேண்டும் என்றால், திசை மாறும் இடத்தில் ஒரு கிளாம்ப் போட்டு இரண்டு வளைவுகளையும் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது நீளம். அழுத்தத்தில் ஹோஸ் நீளம் 2 சதவீதம் வரை கூடலாம், 4 சதவீதம் வரை குறையலாம். ஒரு மீட்டர் ஹோஸ் 40 மில்லிமீட்டர் சுருங்கக்கூடும் என்று அர்த்தம். விறைப்பாக இழுத்து மாட்டிய ஹோஸ் ஒவ்வொரு முறை லீவரைத் தொடும்போதும் ஃபிட்டிங்கைப் பிடித்து இழுக்கும். பழைய ஹோஸை மாதிரியாகக் கொடுத்து "இதே நீளம்" என்று சொல்வதில் சிக்கல் இதுதான்: அந்த மாதிரியே முதலில் யாரோ குறைத்து வெட்டியதாக இருக்கலாம். ஒரு கயிற்றையோ பழைய ஹோஸ் துண்டையோ பாதையில் வைத்து, ஆர்ம் முழுக்க விரிந்தபோதும் முழுக்க மடங்கியபோதும் அளந்து பாருங்கள். அளவு ஒரு முனையின் சீட்டிலிருந்து (ஃபிட்டிங் போய் உட்கார்ந்து அடைக்கும் முகம்) மறுமுனையின் சீட்வரை. எல்போ முனையாக இருந்தால் எல்போவின் நடுக்கோடுவரை. இரண்டு முனையும் எல்போ என்றால் ஒன்றுக்கொன்று எத்தனை டிகிரி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடையிலேயே முறுக்கைப் பிரஸ் செய்து வாங்கி வருவீர்கள். ஃபெருல் (ஹோஸின் முனையில் நசுக்கிய இரும்புக் குழல்) முடியும் இடத்திலிருந்து ஹோஸின் வெளிவிட்டத்தின் ஒன்றரை மடங்காவது ஹோஸ் நேராகப் போன பிறகே வளைய வேண்டும். இரண்டு மடங்கு கிடைத்தால் நல்லது. இடம் இல்லையென்றால் நேர் ஃபிட்டிங்குக்குப் பதில் 45 அல்லது 90 டிகிரி எல்போ போடுங்கள். உங்கள் பூம் பின் பக்கத்துக் கோளாறு பாதி இதிலேயே தீர வாய்ப்பிருக்கிறது.

பிரஸ் செய்யும் கடையில் நின்று பார்க்க வேண்டியவை. ஒரு கம்பெனி ஹோஸும் இன்னொரு கம்பெனி நிப்பிளும் (ஹோஸுக்குள் இறங்கும் ஃபிட்டிங் பகுதி) வேண்டாம். பிரஸ் அளவு அந்த ஜோடிக்கென்று போட்ட சார்ட்டில் இருப்பது. நிப்பிளை முழு ஆழத்துக்கு இறக்கியதற்கு அடையாளமாக ஹோஸில் கோடு போட்டிருக்க வேண்டும். பிரஸ் ஆனபின் ஃபெருலின் நடுவில், மேடு இல்லாத இடத்தில், வெர்னியர் வைத்துச் சுற்றிலும் மூன்று, நான்கு இடத்தில் அளந்து சார்ட்டோடு ஒப்பிட வேண்டும். வெர்னியரே இல்லாத கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வெட்டும்போது உள்ளே விழுந்த ரப்பர் தூளையும் கம்பித் துகளையும் ஊதி எடுத்து, இரண்டு முனைக்கும் மூடி போட்டு வாங்குங்கள். வெறும் காற்று போதாது, ஃபோம் குண்டு விட்டுத் துடைத்தால்தான் சுத்தம். பழைய ஃபிட்டிங்கை அறுத்து எடுத்துப் புது ஹோஸில் மறுபடி பிரஸ் செய்வது கூடவே கூடாது.

இப்போது டெஃப்லான் டேப். நீங்கள் சொல்லும் நட்டு கூம்பு சீட்டில் அடைக்கும் ரகம் என்றால், மரைக்கும் கசிவு அடைப்புக்கும் சம்பந்தமே இல்லை. மரையின் வேலை கூம்பைச் சீட்டோடு அழுத்திப் பிடிப்பது மட்டுமே. டேப் சுற்றினால் கூம்பு சரியாக உட்காராது, கிழிந்த துணுக்கு ஆயிலில் போய் வால்வுக்குள் நகரும் ஸ்பூலில் மாட்டும். கசிகிறது என்றால் சீட்டில் கீறல் இருக்கிறது, அழுக்கு இருக்கிறது, அல்லது சேராத இரண்டு ரகங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

கடைசிக் காரணம் நாம் நினைப்பதைவிட அதிகம். நம் ஊரில் ஓடும் இயந்திரங்களில் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை), ஜேஐசி (37 டிகிரி சீட்), மெட்ரிக் 24 டிகிரி, ஜப்பான் ரகம், முகத்தில் ஓ ரிங் வைத்தது என்று எல்லாமே கலந்து கிடக்கும். அரை இன்ச் பிஎஸ்பியின் ஆண் மரை வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர், அரை இன்ச் ஜேஐசி 19 மில்லிமீட்டர், அதற்குப் பக்கத்திலேயே 22 மில்லிமீட்டர் மெட்ரிக் ஒன்றும் இருக்கிறது. 21 இருக்கிறதே என்று முக்கால் இன்ச் என எண்ணிவிடாதீர்கள். முக்கால் இன்ச் பிஎஸ்பி 26.4 வரும். அரை இன்ச்சில் பிஎஸ்பிக்கும் அமெரிக்கக் கூம்பு மரையான என்பிடிக்கும் இன்ச்சுக்கு 14 மரை என்பது பொது. அதனால் ஒன்றில் ஒன்று சில சுற்று ஏறிவிடும், பிறகு கடிக்கும். மரைக் கோணம் ஒன்றுக்கு 55 டிகிரி, மற்றதுக்கு 60. பைப் ரிஞ்சு போட்டு ஏற்றிவிட்டால் குறைந்த அழுத்தத்தில் நின்றுவிட்டு, சுமை ஏறும்போது மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். அரை இன்ச் ஜேஐசியும் 45 டிகிரி சீட் ரகமும் மரை அச்சாக ஒன்றே. சீட் 37 டிகிரியா 45 டிகிரியா என்று கேஜ் வைத்தால்தான் தெரியும். மரை கேஜும் சீட் கேஜும் வெர்னியரும் சேர்ந்து ஒரு ஹோஸ் விலைகூட ஆகாது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டில் நேராக ஏறும் அடாப்டருக்கு டவுட்டி வாஷர் (உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய இரும்பு வாஷர்) அல்லது ஓ ரிங். ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். டேப்புக்கு இடம் கூம்பு மரையில் மட்டுமே, அங்கேயும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும்.

கழற்றும் முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மலையில் இதுதான் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி. வண்டியைச் சமதரைக்குக் கொண்டு வாருங்கள். தேயிலைச் சரிவில் நின்றபடி பூமை அந்தரத்தில் வைத்து ஹோஸைக் கழற்றினால், பூமைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த ஹோஸில் இருக்கும் ஆயில்தான் என்பதை அது விழுந்தபின் தெரிந்துகொள்வீர்கள். பக்கெட், லோடர் இரண்டும் தரையில் உட்கார வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா லீவரையும் நாலு திசையிலும் பலமுறை ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள். டேங்க் மூடியை மெல்லத் திறந்து காற்றை விடுங்கள். ஆயில் கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். டிப்பர் டிரெய்லர் என்றால் தொட்டியைத் தூக்கி, அதற்கென்று உள்ள ஸ்டாண்டைப் போடாமல் அடியில் தலையை நீட்டக்கூடாது. ஜாக்கிப் பக்கத்தில் ஹோஸ் வெடித்தால் ஆயிலை அடைக்கும் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் போட்டுவிடுங்கள். கீழே ஒரு தட்டை வைத்து ஆயிலைப் பிடியுங்கள்; இங்கே மண்ணில் ஊற்றுவது எல்லாம் கடைசியில் ஏதோ ஓர் ஓடையில்தான் போய்ச் சேரும்.

மாட்டும்போது அசையாத முனையை முதலில் இறுக்கி, சுழலும் நட்டு உள்ள முனையைக் கடைசியில் இறுக்குங்கள். எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று ஹோஸின் அறுகோணத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று நட்டைச் சுற்ற. கையால் முழுக்க ஏற்றி, ஸ்பேனரில் இறுக்கம் தெரிந்த இடத்திலிருந்து கம்பெனி சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கசிந்தால் மேலும் மேலும் இறுக்குவது நம்மவர்கள் பழக்கம். அதில் கூம்பு நசுங்கி அடாப்டரும் சேர்ந்து போகும். இறுக்கி முடித்ததும் நட்டுக்கும் அடாப்டருக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும். காலையில் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

பிறகு லோடு இல்லாமல், ஐட்லிங்கில் எஞ்சினை ஓட்டி, ஆர்மை மெதுவாக முழுக்க நீட்டி மடக்குங்கள். காற்று வெளியேறும்; ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா, பின்னில் உரசுகிறதா, இரண்டு இரும்புக்கிடையில் நசுங்குகிறதா என்றும் தெரியும். அதன்பிறகே லோடு. அரை மணி நேரம் வேலை செய்தபின் எஞ்சினை அணைத்து மறுபடி பாருங்கள், ஆயில் அளவையும் சரிபாருங்கள்.

கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது. இதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊசித்துளை வழியாக வரும் ஆயில் கண்ணுக்குப் புகை மாதிரிகூடத் தெரியாது. தோலைத் துளைக்க 7 பார் போதும் என்கிறார்கள். உங்கள் லைனில் ஓடுவது 200 பாருக்கு மேல். உறை மாட்டிய கையும் தப்பாது. உள்ளே போன இடம் முள் குத்தியது மாதிரி ஒரு புள்ளிதான், முதலில் வலியும் அதிகம் இருக்காது. அதனால்தான் ஆள் கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வார். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, ரத்த ஓட்டம் நின்று, விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். இது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம். தேய்க்காமல், அமுக்காமல், கட்டுப் போட்டு இறுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் "முள் குத்திவிட்டது" என்று சொல்லாமல், "அதிக அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லி, ஆயிலின் பெயரையும் நேரத்தையும் கொடுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னும் 35 இருக்கும். கை அறுவை சிகிச்சைக்குக் கீழே இறங்க வேண்டி வந்தால் கொண்டை ஊசி வளைவுகளிலேயே நேரம் போய்விடும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காரவே கூடாது. கசிவைத் தேடத் தடித்த அட்டை ஒன்றைக் கம்பின் முனையில் கட்டி, தள்ளி நின்று ஹோஸை ஒட்டி நகர்த்துங்கள். அட்டை நனையும், சில சமயம் வெட்டுப்படும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் இருக்கும்போது நட்டை இறுக்க ஸ்பேனரை நீட்டவும் கூடாது.

தினப் பார்வை என்பது எஞ்சின் போடும் முன் ஐந்து நிமிஷ வேலை. மேல் ரப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். நம் மழையில் கம்பி வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். கொப்புளம், நசுங்கல், மடிப்பு, ஃபெருல் வாயில் ஈரம், ஃபெருலுக்கும் அடையாளக் கோட்டுக்கும் இடைவெளி ஆகியவற்றில் எது இருந்தாலும் ஓட்டக்கூடாது. ஃபெருல் வாயில் ஈரத்தைத் துடைத்துவிட்டு "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடுகிற ஹோஸ்தான் கழன்று பறக்கும். சூடான சைலன்ஸர், டர்போ பக்கம் போகும் ஹோஸில் பொறுமையே வேண்டாம். தெறிக்கும் ஆயில் அங்கே தீப்பிடிக்கும்.

உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுக்கம்பி போடுவது எல்லா வண்டியிலும் பார்க்கிற வைத்தியம். செம்மண் சேறும் தண்ணீரும் அதற்குள் தங்கிக் கம்பியைத் தின்னும், கசிவும் வெளியே தெரியாது. கட்டுக்கம்பி வேறு ரப்பரை அறுக்கும். அதற்கென்று வரும் நைலான் உறையோ பிளாஸ்டிக் சுருளோ போடுங்கள். நைலான் உறைக்கு இன்னொரு பலன், ஊசித்துளை பீய்ச்சலின் வேகத்தைத் தணிக்கும்.

ஊட்டி, கேத்தி பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் கவனம் சக்ஷன் ஹோஸ் (டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் போகும் ஹோஸ்) மேல் இருக்கட்டும். விஜி 46 ரக ஹைட்ராலிக் ஆயில் 0 டிகிரிக்கு வந்தால் அதன் கெட்டித்தன்மை 40 டிகிரியில் இருந்ததைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஊட்டி உயரம் 2,240 மீட்டர். ஆயிலை பம்புக்குள் தள்ளும் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. பழைய சக்ஷன் ஹோஸ் உள்ளே சப்பிப்போவதும் கிளாம்ப் வழியாகக் காற்று நுழைவதும் அப்போதுதான். வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியாது. பம்ப் ஊளையிடும், டேங்கில் நுரை தெரியும். உள்ளே சுருள் கம்பி உள்ள சக்ஷன் ஹோஸ்தான் போட வேண்டும், மிச்சமிருந்த பிரஷர் ஹோஸை வெட்டிப் போடக்கூடாது. குளிர்ந்த காலையில் ஐந்து, பத்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு ஆயில் இளகியபின் லீவரைத் தொடுங்கள்.

கடைசிக் கேள்வி, எத்தனை வருஷம்? ஜெர்மன் தரநிலையான டிஐஎன் 20066 சொல்வது: தயாரான தேதியிலிருந்து 4 வருஷத்துக்குள் வெட்டிப் பிரஸ் செய்ய வேண்டும், பிரஸ் ஆன ஹோஸின் மொத்த ஆயுள் 6 வருஷம், அதில் அலமாரியில் கிடப்பது 2 வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. வருஷமும் காலாண்டும் ஹோஸ் மேலேயே அச்சாகியிருக்கும். ஆனால் மடங்கும் மூட்டில் இருக்கும் ஹோஸுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. சில்வர் ஓக் வேர்க்கட்டை பிடுங்குகிற ஆர்மும், நின்ற இடத்திலேயே விறகு பிளக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஸ்ப்ளிட்டரும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஒவ்வொரு ஹோஸிலும் மாட்டிய தேதியையும் மீட்டர் மணியையும் எழுதி ஒரு தகடு கட்டிவிடுங்கள். உங்கள் வண்டியில் எந்த ஹோஸ் எத்தனை மணிக்குப் போகிறது என்று இரண்டு சுற்றில் தெரிந்துவிடும். பிறகு அதன் முக்கால் பங்கில் மாற்றிக்கொள்ளலாம். அடிக்கடி போகும் ஒன்றிரண்டு அளவை முன்கூட்டியே பிரஸ் செய்து, இரு முனையும் மூடி, வெயிலும் வெல்டிங்கும் படாத இடத்தில், ஆணியில் தொங்கவிடாமல் படுக்கையாக வையுங்கள். கூடவே நாலு டவுட்டி வாஷர், ஓ ரிங், போர்ட்டை அடைக்கப் பிளக் இரண்டு. மழைக்காலத்தில் மலைப்பாதை மூடிவிட்டால் கடைக்கு இறங்கவும் வழி இருக்காது.